அந்நிய மண்ணில் வேரோடிய உதைபந்தாட்டம்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து சேரும் எம்மவர்களைத் தடுமாற வைக்கும் சொற்களுள் 'புட்போல்' என்பதும் ஒன்று. பாடசாலையில் புட்போல் விளையாடப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று பிள்ளை சொல்லும். பார்க்கப் போனால் தலைக்கவசமும் தோட்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தொன்றைக் கையில் இடுக்கியபடி ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து விழுவார்கள். நாவாந்துறையிலும் குருநகரிலும் உரும்பிராயிலும் நாம் பார்த்து வளர்ந்த உதைபந்தாட்டத்துக்கு இங்கே 'சொக்கர்' என்று பெயர்.

பேஸ்போல், கூடைப்பந்து, ஐஸ் ஹொக்கி என்பனவெல்லாம் முந்திக்கொண்டு நிற்கும் இந்த நாட்டில் எமது உதைபந்தாட்டமும் ஒரு வகையில் குடியேறி வந்த ஆட்டம்தான். அதற்கென்று ஒரு தேசிய தொழில்முறை லீக் நிலைத்து நிற்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒருமுறை விழுந்து, மறுமுறை எழுந்து, மீண்டும் விழும் தறுவாயில் தப்பிப் பிழைத்த கதை அது. எம்மவர்கள் குடியேறியிருக்கும் நியூ ஜேர்சி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, ரெக்சாஸ் ஆகிய மூன்று இடங்களும் அந்தக் கதையின் நடுவே வருவதால் அதனை இங்கே எழுதுகிறோம்.

நட்சத்திரங்களை நம்பிய காலம்

1968இல் 'வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்' தொடங்கியது. அதன் புகழ் உச்சிக்கு ஏறியது 1975இல் பிரேசிலின் பெலே நியூயோர்க் கொஸ்மொஸ் கழகத்துக்கு விளையாட வந்தபோதுதான். 1977இல் ஜேர்மனியின் பெக்கன்பவரும் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு கொஸ்மொஸ் கழகம் நியூ ஜேர்சியின் ஈஸ்ட் ரதர்போர்டில் இருந்த ஜயன்ற்ஸ் மைதானத்துக்கு மாறியது. அங்கே ஓகஸ்ட் 14ஆம் திகதி நடந்த ஒரே ஆட்டத்தைப் பார்க்க 77,691 பேர் திரண்டனர். ஒக்ரோபர் 1ஆம் திகதி அதே மைதானத்தில் பெலே தமது கடைசி ஆட்டத்தை ஆடினார். ஒரு பாதியைக் கொஸ்மொஸுக்காகவும் மறு பாதியைத் தமது பழைய கழகமான சான்டோஸுக்காகவும் ஆடி விடைபெற்றார்.

இந்தக் கூட்டத்தைக் கண்டு மற்ற நகரங்களின் பணக்காரர்களுக்கும் ஆசை பிறந்தது. 1978இல் கழகங்களின் எண்ணிக்கை ஒரே தடவையில் 18இலிருந்து 24 ஆகியது. ஒவ்வொரு கழகமும் தனக்கொரு பெலேயைத் தேடிக் கடன்பட்டுச் செலவழித்தது. ஆனால் கொஸ்மொஸின் மைதானம் நிரம்பியது போல மற்ற மைதானங்கள் நிரம்பவில்லை. 1984இல் எஞ்சியவை ஒன்பது கழகங்களே. 1985இல் லீக்கே மூடப்பட்டது. வரவுக்கு மிஞ்சிய செலவும், உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்க்காத அவசரமும் சேர்ந்து அதனைக் கொன்றன எனலாம்.

உலகக் கிண்ணம் இட்ட நிபந்தனை

1988 யூலை 4ஆம் திகதி, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, 1994 உலகக் கிண்ணத்தை நடத்தும் உரிமை இந்த நாட்டுக்குக் கிடைத்தது. நாடளாவிய தொழில்முறை லீக் ஒன்றை மீண்டும் உருவாக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

உதைபந்தாட்டம் தெரியாத நாட்டில் உலகக் கிண்ணமா என்று கேட்டவர்களுக்கு மக்களே பதில் சொன்னார்கள். 52 ஆட்டங்களைக் காண 35 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர். அதுவரை எந்த உலகக் கிண்ணத்துக்கும் அத்தனை பேர் வந்ததில்லை. நியூ ஜேர்சியில் ஜயன்ற்ஸ் மைதானம், வளைகுடாப் பகுதியில் ஸ்ரான்போர்ட் மைதானம், ரெக்சாஸில் டலஸ் நகரின் கொற்றன் போல் மைதானம் ஆகிய மூன்றிலும் ஆட்டங்கள் நடந்தன.

வாக்களித்த லீக் 1993இல் 'மேஜர் லீக் சொக்கர்' என்ற பெயரில் அமைக்கப்பட்டது. 1996 ஏப்ரல் 6ஆம் திகதி சான் ஹொசேயின் ஸ்பார்ட்டன் மைதானத்தில் முதலாவது ஆட்டம் நடந்தது. 31,683 பேர் பார்த்திருக்க, 88ஆவது நிமிடத்தில் எரிக் வைனல்டா அடித்த கோலினால் சான் ஹொசே அணி வாஷிங்டன் அணியை 1–0 என வென்றது. முதல் ஆட்டமே கோலின்றி முடிந்துவிடுமோ என்று வியர்த்திருந்த அமைப்பாளர்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பழைய லீக்கின் கதையை நன்றாகப் படித்தவர்களே புதியதை அமைத்தார்கள். பணம் படைத்த ஒரு கழகம் மற்றவற்றை விழுங்கிவிடாதபடி எல்லாக் கழகங்களும் ஒரே நிறுவனத்தின் பங்காளிகள் ஆக்கப்பட்டன. ஆட்டக்காரர்கள் கழகத்தோடு அல்லாமல் லீக்கோடு ஒப்பந்தம் செய்தனர். சம்பளச் செலவுக்கு உச்சவரம்பும் வைத்தனர். இதனால் தங்கள் ஊதியம் அமுக்கப்படுகிறது என்று ஆட்டக்காரர்கள் 1997இல் வழக்குத் தொடுத்தனர். ஆனால் லீக்கின் அமைப்பு நீதிமன்றத்தில் நிலைத்தது.

வெறுங் கதிரைகள்

தொடக்கத்துப் புதுமை விரைவில் தீர்ந்தது. 80,000 பேர் அளவில் அமரக்கூடிய ஜயன்ற்ஸ் மைதானத்தில் சில ஆயிரம் பேர் உட்கார்ந்தால் வெறுங் கதிரைகளே கண்ணில் படும். புல்லின்மேல் அமெரிக்க புட்போலுக்குப் போட்ட கோடுகளும் அழியாமல் தெரியும். வாடகை வீட்டில் இருப்பவருக்குத்தான் அந்தச் சங்கடம் விளங்கும். அமெரிக்க இரசிகர்களைக் கவர்வதற்கென்று, சமநிலையில் முடிந்த ஆட்டங்களில் 35 யார் தூரத்திலிருந்து ஓடிவந்து ஐந்து விநாடிக்குள் கோல் அடிக்கும் விநோத முறை ஒன்றையும் புகுத்தினார்கள். உதைபந்தாட்டம் தெரிந்தவர்கள் அதைக் கண்டு சிரித்தார்கள். 1999 பருவத்துடன் அதைக் கைவிட்டார்கள்.

2002 ஜனவரியில் புளோரிடாவின் இரண்டு கழகங்கள் மூடப்பட்டன. மிஞ்சியவை பத்துக் கழகங்கள். அவற்றின் பாரம் ஏறத்தாழ முழுவதும் பிலிப் அன்ஷுட்ஸ், லாமார் ஹன்ட், ரொபேர்ட் கிராப்ட் ஆகிய மூவர் தலையில். அன்ஷுட்ஸின் பொறுப்பில் மட்டும் ஆறு கழகங்கள். கையைக் கழுவிவிட்டுப் போக அவர்களுக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அவர்களோ அதே ஆண்டு உலகக் கிண்ண ஆட்டங்களின் ஆங்கில ஒளிபரப்பு உரிமையைத் தாமே விலைக்கு வாங்கினர். அந்த 2002 உலகக் கிண்ணத்தில் அமெரிக்க அணி காலிறுதிவரை சென்றது.

லாமார் ஹன்ட் டலஸ் நகரத்தவர். பழைய லீக்கில் டலஸ் ரோர்னேடோ கழகத்தை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். அப்படியிருந்தும் புதிய லீக்கிலும் பணத்தைப் போட்டார். உதைபந்தாட்டத்துக்கென்றே அளவாகக் கட்டிய மைதானம் இல்லாமல் லீக் தப்பாது என்று கண்டு, 1999இல் ஒகாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 22,000 பேர் அளவில் அமரும் மைதானத்தைத் தமது செலவில் எழுப்பினார். பெரிய மாளிகையில் குடக்கூலிக்கு இருப்பதைவிடச் சிறிய சொந்த வீடு மேல் என்பதே அவர் கண்ட உண்மை. 2005இல் டலஸ் அருகே பிரிஸ்கோவில், சுற்றிவர 17 பயிற்சி மைதானங்களோடு டலஸ் கழகத்துக்கும் சொந்த வீடு கிடைத்தது. நியூ ஜேர்சியின் ஹாரிசனில் 2010இலும், ஹியூஸ்ரனில் 2012இலும், சான் ஹொசேயில் 2015இலும் சொந்த மைதானங்கள் திறக்கப்பட்டன.

அணி போனது, பெயர் நின்றது

சொந்த இடம் இல்லாததன் நோவை சான் ஹொசே மக்கள் அறிவார்கள். எர்த்குவேக்ஸ், அதாவது நிலநடுக்கம், என்ற பெயருடைய அவர்களது அணி 2001இலும் 2003இலும் கிண்ணத்தை வென்றது. 2005இல் லீக் ஆட்டங்களில் புள்ளிகளில் முதலிடத்தில் நின்றது. ஆயினும் மைதானம் கட்ட வழி பிறக்காததால் அந்த ஆண்டு முடிவில் ஆட்டக்காரர்களும் பயிற்றுநரும் ரெக்சாஸின் ஹியூஸ்ரனுக்கு மாற்றப்பட்டனர். பெயரும் நிறமும் பெற்ற வெற்றிகளின் பதிவுகளும் மட்டும் சான் ஹொசேக்கே உரியவை என்று லீக் விட்டுவைத்தது. விட்டுப்போன ஊரின் பெயரைச் சுமந்து வாழும் எமக்கு இதன் அருமை தெரியும். 2008இல் புதிய அணி அமைந்தபோது அந்தப் பழைய பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

ஹியூஸ்ரனுக்குப் போன அணிக்கு முதலில் 'ஹியூஸ்ரன் 1836' என்று பெயர் வைத்தார்கள். 1836 நகரம் நிறுவப்பட்ட ஆண்டு மட்டுமல்ல, மெக்சிக்கோவிடமிருந்து ரெக்சாஸ் பிரிந்த ஆண்டும் அதுவே. மெக்சிக்கோ வழி வந்த மக்கள் மனம் நொந்து குரல் எழுப்பவே, முதல் ஆட்டத்துக்கு முன்னரே பெயர் 'டைனமோ' என்று மாற்றப்பட்டது. அந்த அணி 2006இலும் 2007இலும் கிண்ணத்தை வென்றது. மைதானத்துக்கு வருகின்ற குடியேறியவர்களை மதியாமல் இந்த ஆட்டம் இங்கே பிழைக்காது என்பதற்கு இது நல்ல சான்று.

நூல் ஆலையிலிருந்து வந்தவர்கள்

உண்மையில் குடியேறியவர்கள்தான் இந்த ஆட்டத்தை இங்கே உயிரோடு வைத்திருந்தவர்கள். ஹாரிசனுக்குப் பக்கத்தில் உள்ள கேர்ணி என்னும் சிறு நகரத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்திலிருந்து நூல் ஆலை வேலைக்கு வந்தவர்கள் பந்தையும் கொண்டுவந்தார்கள். 1885இல் நடந்த முதலாவது அமெரிக்கக் கிண்ணப் போட்டியை வென்றது அந்த நூல் ஆலையின் அணியே. நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வட்டாரம் தந்த மூவர் 1994 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு ஆடினர். ஸ்கொட்லாந்துத் தந்தைக்குப் பிறந்த ஜோன் ஹார்க்ஸ், இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்த பந்துக்காப்பாளர் ரோனி மியோலா, உருகுவேயில் பிறந்து சிறு வயதில் குடியேறிய ராப் ராமோஸ் ஆகியோரே அவர்கள். புதிய லீக் முதன்முதலில் ஒப்பந்தம் செய்த ஆட்டக்காரர் ராமோஸ்தான்.

2007இல் பெக்ஹாமும் 2023இல் மெஸ்ஸியும் இந்த லீக்குக்கு வந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரங்கள் மறுபடியும் வந்தார்கள். ஆனால் இம்முறை வீடு கட்டி முடிந்த பிறகு வந்தார்கள். 1996இல் பத்தாக இருந்த கழகங்கள் 2025இல் முப்பதாகின. 2007இல் லீக்கில் சேர ரொறன்ரோ கழகம் செலுத்திய கட்டணம் 10 மில்லியன் டொலர். 2025இல் சேர்ந்த சான் டியகோ செலுத்தியது 500 மில்லியன். 2026 உலகக் கிண்ணத்துக்கும் நியூ ஜேர்சி, வளைகுடாப் பகுதி, ரெக்சாஸ் மூன்றுமே தெரிவாகின. இறுதியாட்டத்துக்குக் குறிக்கப்பட்ட இடமும் அதே ஈஸ்ட் ரதர்போர்ட்.

எமது பிள்ளைகளுக்கு

இனி எமது விடயத்துக்கு வருவோம். பந்தோடு திரிந்தால் படிப்புக் கெட்டுப்போகும் என்ற அச்சம் எமது பெற்றோரிடம் இன்னும் உண்டு. நாடியா நதீம் என்ற பெண்ணைப் பற்றி அவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆப்கானிஸ்தானில் தந்தையைத் தலிபான்கள் கொன்றபின், தாயும் ஐந்து பெண்பிள்ளைகளுமாகத் தப்பி, எம்மவர்கள் பலரும் தஞ்சம் புகுந்த அதே டென்மார்க்குக்கு வந்தவர் அவர். அகதி முகாமில்தான் பந்து உதைக்கப் பழகினார். டென்மார்க் தேசிய அணிக்கும், 2014 முதல் நியூ ஜேர்சியின் பெண்கள் கழகத்துக்கும் ஆடினார். ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து 2022இல் வைத்தியரும் ஆனார்.

அல்போன்சோ டேவிஸ் கானாவில் இருந்த அகதி முகாம் ஒன்றில் 2000ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் லைபீரியப் போருக்குத் தப்பி ஓடியவர்கள். கனடாவில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கான இலவசத் திட்டத்தில் பந்தாடத் தொடங்கி, 2016இல் 15 வயதிலேயே இந்த லீக்கில் கால் பதித்தார். பின்னர் ஜேர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்துக்குச் சென்றார். பெண்பிள்ளைகளுக்கும் வழி உண்டு. 2013இல் தொடங்கிய தேசிய பெண்கள் லீக்கில் நியூ ஜேர்சி, ஹியூஸ்ரன், வளைகுடாப் பகுதி மூன்றுக்கும் கழகங்கள் அமைந்துள்ளன.

எல்லாப் பிள்ளைகளும் டேவிஸ் ஆகிவிடப் போவதில்லை; ஆகவும் தேவையில்லை. ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைக்கு வகுப்பில் ஒரு நண்பன் கிடைக்க ஆறு மாதம் ஆகலாம். மைதானத்தில் அரைமணி நேரம் போதும். செலவை எண்ணிப் பின்நிற்க வேண்டாம். தனியார் பயணக் கழகங்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் டொலர் கேட்பது உண்மை. ஆனால் பாடசாலை அணிக்கும் நகரசபை நடத்தும் வார இறுதி ஆட்டங்களுக்கும் அவ்வளவு செலவாகாது. கட்டணச் சலுகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தொழில்முறைக் கழகங்களின் சொந்தப் பயிற்சிக் கூடங்களில் பெரும்பாலானவை தெரிவான பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை. பிரிஸ்கோவில் அப்படி வளர்ந்த ரிக்கார்டோ பெப்பி மெக்சிக்கோவிலிருந்து வந்த பெற்றோரின் மகன்.

எமது கழகங்களும் இந்த லீக்கிடம் ஒன்றைப் பழகலாம். கோடைச் சுற்றுப்போட்டி ஒன்றை ஆரவாரமாக நடத்திவிட்டு, மறு வருடம் ஊர்ப் பெயராலும் பதவியாலும் பிளவுபடுவது எமக்குப் புதிதல்ல. பத்துக் கழகங்களாகச் சுருங்கிய நாளில் லீக்கைக் காப்பாற்றியது நட்டத்தையும் பங்கு போட்டுக்கொண்ட ஒற்றுமைதான். கிண்ணம் எவ்வளவு பெரியது என்பதை விட, அடுத்த வருடமும் பந்து உருளுமா, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் அணி உண்டா என்பவையே முக்கியமான கேள்விகள்.

இந்தச் சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பந்து உதைக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் எம்மைப் போலவே எங்கிருந்தோ வந்தவர்களாய் இருப்பார்கள்.