சில காலம் நம் வீட்டுப் பிள்ளை

எங்கள் குழந்தைநலப் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு தம்பதியர் 9 வயதுச் சிறுவனை அழைத்து வந்தனர். சளியும் இருமலும்தாம் வந்த காரணம். பரிசோதனை முடிந்து மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிய பின்னும் அந்த அம்மையார் எழுந்திருக்கவில்லை. சிறுவனைக் கணவருடன் வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மூணு வாரமா எங்ககூட இருக்கான், டாக்டர். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுறோம். ஆனாலும் இட்லியையும் பிஸ்கட்டையும் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைக்கிறான். எங்ககிட்ட என்ன குறை கண்டான்?"

அந்தச் சிறுவன் அவர்கள் பெற்ற பிள்ளை அல்லன். தத்தெடுத்த பிள்ளையும் அல்லன். வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டின் கீழ் அவர்கள் இல்லத்திற்கு வந்தவன். இத்தகைய குழந்தைகளையும் குடும்பங்களையும் சந்திக்கும் மருத்துவர்கள் என்ற முறையில், இந்த ஏற்பாடு யாது, இதில் இறங்கும் குடும்பத்திற்கு என்னென்ன துணை உண்டு என்பதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

தத்தெடுப்பும் வளர்ப்புப் பராமரிப்பும்

இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். தத்தெடுப்பில் குழந்தை சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகிறது. அந்த உறவு நிரந்தரமானது. சொத்துரிமையும் அதனுடன் வருகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை குறிப்பிட்ட காலம் மட்டும் ஒரு குடும்பத்தில் வளர்கிறது. பெற்றோர் நோயுற்றிருக்கலாம், சிறையில் இருக்கலாம், குழந்தையைக் காக்கும் நிலையில் இல்லாதிருக்கலாம். நிலைமை சீரடைந்தால் குழந்தை அவர்களிடம் திரும்பும். அதுவரை விடுதியில் பலருள் ஒருவராக வளராமல், ஒரு வீட்டில் தன் பெயர் சொல்லி அழைக்கும் பெரியவர்களிடம் வளர வேண்டும் என்பதே நோக்கம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. குழந்தையை எந்தக் குடும்பத்திடம் ஒப்படைப்பது என்பதை மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு ஆணையிட்டு முடிவு செய்கிறது. இயன்றவரை உடன்பிறந்தாரைப் பிரிக்கக் கூடாது என்றும், குழந்தையின் நலனுக்குப் பாதகமில்லாதவரை பெற்றோர் இடையிடையே வந்து பார்க்க அனுமதிக்கலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. குழு மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பத்தைப் பார்வையிட வேண்டும் என்பதும் அதில் உள்ளது. இதைக் கண்காணிப்பு என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. குறைகளைச் சொல்லி உதவி கேட்பதற்கு மாதம் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு அது.

யார் விண்ணப்பிக்கலாம்?

2024இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள் இந்த வாயிலை அகலமாக்கியுள்ளன. முன்பு தம்பதியர் மட்டுமே கருதப்பட்டனர். இப்போது திருமணமாகாதோர், துணையை இழந்தோர், மணமுறிவு பெற்றோர், பிரிந்து வாழ்வோர் ஆகியோரும் 35 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் ஆண், ஆண் குழந்தையை மட்டுமே ஏற்க இயலும். தம்பதியராயின் இரண்டு ஆண்டுகளேனும் நிலையான இல்லற வாழ்வு இருக்க வேண்டும். பொதுவாக 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளே இவ்வாறு ஒப்படைக்கப்படுகின்றனர். சட்டப்படி தத்துக்கு உரியவராக அறிவிக்கப்பட்ட குழந்தையை, இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின் அக்குடும்பமே தத்தெடுக்கவும் வழியுண்டு. முன்பு இந்தக் கால அளவு ஐந்து ஆண்டுகளாக இருந்தது.

விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியே செல்கிறது. சமூகப் பணியாளர் இல்லத்திற்கு வந்து பார்ப்பார். வீட்டிலுள்ள அனைவரிடமும் பேசுவார். வருமானம், உடல்நலம், காவல்துறைச் சான்று ஆகியவை ஆராயப்படும். பெரிய வீடும் மிகுந்த வசதியும் இதற்குத் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள பிள்ளைகளின் மனத்தையும் தாத்தா பாட்டியின் சம்மதத்தையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது மிகத் தேவை. புதிய குழந்தை வந்த பின் கேட்பது காலங்கடந்த கேள்வியாகும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஆதரவின்றி விடப்பட்ட குழந்தையைக் கண்டு இரக்கப்பட்டு, "நாங்களே கொண்டுபோய் வளர்க்கிறோம்" என்று மருத்துவமனைக்கு வருவோரிடம் சிலர் முன்வருவதுண்டு. எண்ணம் உயர்ந்தது, வழி தவறானது. அத்தகைய குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்திற்குள் தகவல் தருவது சட்டக் கடமை. மருத்துவமனைகளும் அதற்கு உட்பட்டவை. கட்டணமில்லாத 1098 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது.

முதல் மருத்துவப் பரிசோதனை

குழந்தை வீட்டிற்கு வந்த முதல் சில வாரங்களுக்குள், நோய் ஏதும் இல்லாவிடினும் ஒருமுறை முழுப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். உயரம், எடை, இரத்தசோகை, பார்வை, செவித்திறன், பற்கள், தோல் ஆகியவற்றை நாங்கள் பார்ப்போம். வகுப்பில் பின்தங்கிய பிள்ளை என்று பெயரெடுத்த குழந்தைக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியாமல் இருந்ததை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். தடுப்பூசி அட்டை இல்லையென்றால் கவலை வேண்டா. சான்று இல்லாத ஊசிகளைப் போடாதவையாகக் கொண்டு வயதுக்கேற்ற அட்டவணையைத் தொடங்குவோம். ஒரு தவணை கூடுதலாக அமைந்துவிட்டாலும் பொதுவாகத் தீங்கில்லை. வளர்ச்சிக் குறைபாடோ பேச்சுத் தாமதமோ இருப்பின், அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரை கட்டணமின்றிப் பரிசோதனையும் பயிற்சியும் பெறலாம்.

வரும்போது குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகலையும், முன்பிருந்த இல்லத்தின் மருத்துவக் குறிப்புகளையும் கொண்டு வாருங்கள். அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதை அவசரம் நேர்வதற்கு முன்பே குழுவிடம் கேட்டு எழுத்தில் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.

நடத்தை சொல்லும் செய்தி

வளர்ப்புக் குடும்பங்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அதற்குப் பொருளாதாரம் காரணமாவது குறைவு. குழந்தையின் நடத்தையை நன்றியின்மை என்று பொருள் கொள்வதே பெருங்காரணம் என்பது எங்கள் அனுபவம்.

உணவு எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் வாழ்ந்த குழந்தை, கிடைத்ததைப் பதுக்கும். அது திருட்டன்று, அடுத்த வேளைக்கான காப்பு. அந்த அம்மையாரிடம் நாங்கள் சொன்னது இவ்வளவே: தலையணையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள், சிறுவனின் கைக்கெட்டும் தட்டில் அவனுக்கென்று ஒரு டப்பாவை வையுங்கள், அதில் முறுக்கோ கடலை மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அந்த டப்பா நாள்தோறும் காலியானதாம். பிறகுதான் அதில் மிச்சம் இருக்கத் தொடங்கியது.

படுக்கையை நனைப்பதும் அத்தகையதே. நின்றுபோன பழக்கம் மீண்டும் வந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழிவு ஆகியவை இல்லையென உறுதி செய்வோம். அவை இல்லையெனில் அச்சமே காரணமாக இருக்கலாம். ஏச்சும் தண்டனையும் அதை நீட்டிக்கும். புதியவர் எவரையும் உடனே கட்டிக்கொள்ளும் குழந்தை, அடிபட்டாலும் அழாத குழந்தை, பெற்ற தாய் வந்து பார்த்துச் சென்ற இரவில் பொருள்களை உடைக்கும் குழந்தை எனப் பலரைக் காண்கிறோம். இவை அனைத்தும் நிலையற்ற வாழ்வில் உயிர் தரிக்கக் கற்றுக்கொண்ட வழிகள். ஆபத்து நீங்கிவிட்டது என்பதை அறிவு ஒரு நாளில் அறிந்துகொள்ளும். உடல் அறிந்துகொள்ள மாதங்கள் ஆகும்.

குடும்பச் சூழல் குழந்தையை மாற்றும் என்பதற்கு அறிவியல் சான்றும் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000களின் தொடக்கத்தில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். அறிவு வளர்ச்சியிலும் பெரியவர்களிடம் கொள்ளும் பிணைப்பிலும் அக்குழந்தைகள் முன்னேறினர். இரண்டு வயதுக்குள் சென்றோரிடம் அம்முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. நம் நாட்டில் வளர்ப்புப் பராமரிப்புக்கு வருவோர் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். ஆகவே இங்குள்ள குடும்பங்களுக்குப் பொறுமையும் துணையும் மேலும் தேவைப்படுகின்றன.

கிடைக்கும் துணை

மத்திய, மாநில அரசுகள் இணைந்து நடத்தும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க இடமுண்டு. குழந்தையின் கல்வி, உணவு, உடல்நலம் ஆகியவற்றுக்கு உரியது இத்தொகை. இதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் கொள்ள வேண்டியதில்லை.

இவ்விதழைப் படிக்கும் நோயாளிகள் சிலருக்கு மற்றொரு செய்தி பயன்படலாம். நீங்களே கடும் நோயுடன் போராடிக்கொண்டு, "நான் படுத்துவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்" என்று கலங்குகிறீர்கள் என்றால், பிள்ளைகளைப் பிரிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அதே திட்டத்தின் நிதி ஆதரவுப் பிரிவு, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும், பாட்டி, சித்தி போன்ற உறவினரிடம் வளரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் உரியது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் பிற பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மேற்படாதிருக்க வேண்டும். எங்கள் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். விண்ணப்பத்திற்குத் தேவையான மருத்துவச் சான்றை நாங்கள் தருவோம்.

மனநலத் துணைக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். குழந்தைக்காக மட்டுமன்றி வளர்ப்போர் தமக்காகவும் அழைக்கலாம். உறக்கமின்மை, எரிச்சல், "இவனை ஏன் ஏற்றோம்" என்ற எண்ணம் ஆகியவை நல்ல மனிதர்க்கும் வரும். அவற்றை மறைத்து வைத்துக் கடைசியில் குழந்தையைத் திருப்பி அனுப்புவதைவிட, தொடக்கத்திலேயே சொல்லி உதவி பெறுவது மேலானது. மீண்டும் ஒருமுறை இடம் மாறும் குழந்தைக்கு அடுத்த வீட்டை நம்புவது இன்னும் கடினமாகிவிடும்.

உற்றார் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தையின் கடந்தகாலத்தை அதன் முன்னிலையில் விசாரிக்காதீர்கள். புகைப்படத்தையும் கதையையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். இத்தகைய குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைச் சட்டமும் தடை செய்கிறது.

திரும்பிச் செல்லும் நாள்

"பாசம் வைத்தபின் அனுப்ப வேண்டி வந்தால் எப்படித் தாங்குவது?" என்பதே எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வலி இருக்கும், அதை மறுக்க மாட்டோம். ஆயினும் வலிக்கு அஞ்சிப் பாசத்தை அளந்து கொடுத்தால் குழந்தை அதை உடனே உணர்ந்துகொள்ளும். ஒரு பெரியவரை முழுமையாக நம்பக் கற்ற குழந்தைக்கு அடுத்தவரை நம்புவது எளிதாகும். பெற்றோரிடம் திரும்பும்போது அந்த நம்பிக்கையும் உடன் செல்கிறது.

பிரிவை ஒரே நாளில் நிகழ்த்த வேண்டா. சில சந்திப்புகள், ஓரிரவுத் தங்கல் எனப் படிப்படியாக நடத்தும்படி குழுவிடம் கேளுங்கள். புகைப்படங்கள், பள்ளிச் சான்றுகள், தடுப்பூசி அட்டை, குழந்தை விரும்பி உண்பவை, இரவில் அஞ்சுபவை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் குழந்தையுடன் அனுப்புங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் அடுத்த மருத்துவப் பரிசோதனைக்குரிய நாளையும் எழுதுங்கள். குழந்தை எவர் வீட்டிலிருந்து வந்தாலும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் அதன் கோப்பு தொடர்ந்து இருக்கும்.