புரதத்தை அளக்கும் முறைகள்

2008ஆம் ஆண்டு சீனாவில் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். அவர்களுள் அறுவர் உயிரிழந்தனர். அவர்கள் அருந்திய பால்மாவில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்தது. அது சிறுநீரகங்களில் கற்களை உண்டாக்கியது. நெகிழித் தட்டுகள் செய்யப் பயன்படும் அப்பொருள் பாலில் ஏன் சேர்க்கப்பட்டது? பாலில் நீரைக் கலந்தால் புரதத்தின் செறிவு குறையும். சோதனையில் அக்குறை வெளிப்படும். அதை மறைக்கவே மெலமைன் கலக்கப்பட்டது. சோதனையும் அதைப் புரதக் கணக்கிலேயே சேர்த்தது. இதற்குக் காரணம் அம்முறையின் இயல்பிலேயே இருந்தது.

டென்மார்க் நாட்டு வேதியியலாளர் யோஹான் கெல்டால் 1883ஆம் ஆண்டு வெளியிட்ட முறை அது. மாதிரியை அடர் கந்தக அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கினால், அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறும். அதிலிருந்து அம்மோனியாவை வெளியேற்றித் தரம்பார்த்தல் மூலம் நைட்ரஜனின் அளவைக் காண்பர். புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், அவ்வளவை 6.25ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணிப்பர், பாலுக்கு 6.38ஆல் பெருக்குவர். மெலமைனின் எடையில் ஏறத்தாழ 67 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே, ஒரு கிராம் மெலமைன் இக்கணக்கில் 4 கிராமுக்கும் மேற்பட்ட புரதமாகத் தோன்றும்.

பிற முறைகளும் புரதத்தின் ஏதேனும் ஓர் அடையாளத்தையே அளக்கின்றன. டிரிப்டோபான், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்கள் 280 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன. அந்த உறிஞ்சலை அளந்து செறிவை அறிவது விரைவான முறை, மாதிரியும் வீணாவதில்லை. ஆனால், நியூக்ளிக் அமிலம் கலந்திருந்தால் அளவு மிகும். டிரிப்டோபான் இல்லாத ஜெலட்டினில் அளவு குறையும்.

1976இல் பிராட்போர்டு வெளியிட்ட முறையில், கூமாசி என்னும் சாயம் புரதத்துடன் இணைந்து நீலநிறம் பெறுகிறது. சில நிமிடங்களில் முடிவு கிடைக்கும். எனினும், செல்களைச் சிதைக்கச் சேர்க்கும் டிடர்ஜென்ட் எஞ்சியிருந்தால் நிறம் பிறழும். தாமிர அயனிகளைப் புரதம் ஒடுக்குவதை அடிப்படையாகக் கொண்ட பி.சி.ஏ. முறை டிடர்ஜென்டைப் பெரிதும் தாங்கும். ஆனால், குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் பொருள்கள் அதைக் குழப்பிவிடும்.

எனவே, முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதிரியில் புரதம் தவிர வேறு என்னென்ன உள்ளன என்பதை அறிதல் வேண்டும். செறிவு தெரிந்த புரதக் கரைசல்களைக் கொண்டு ஒப்பீட்டு வரைபடம் வரைய வேண்டும். அவற்றையும் மாதிரி கரைந்துள்ள அதே கரைசலில் தயாரித்தல் நலம். புரதம் சேர்க்காத அக்கரைசலையும் தனியே அளத்தல் இன்றியமையாதது. மாதிரியை இருமடங்கு நீர்க்கச் செய்யும்போது அளவு பாதியாகாவிடில், வேறொரு பொருள் குறுக்கிடுவதாக ஐயுறலாம். அப்போது வேறு அடிப்படையில் அமைந்த மற்றொரு முறையால் சரிபார்த்தல் தகும்.

பாலிலும் இவ்வாறு சரிபார்க்க வழியுண்டு. டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் புரதம் வீழ்படிவாகும். மெலமைன் கரைசலிலேயே தங்கும். வடிகட்டி எடுத்த வீழ்படிவின் நைட்ரஜனை மட்டும் அளந்தால், அதே கெல்டால் முறை பாலின் உண்மையான புரத அளவைக் காட்டும்.