மூன்று படி, பதினெட்டு அடி

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, மனைவியுடன் நம்மவர் ஒருவரின் ஓட்டலுக்குப் போயிருந்தேன். பக்கவாதம் வந்த பிறகு அவள் சக்கர நாற்காலியில்தான் வெளியே வருகிறாள். ஓட்டலைப் புதுப்பித்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை, ஏ.சி. எல்லாம் பிரமாதம். ஆனால் வாசலில் மூன்று படி. இரண்டு பையன்கள் ஆறடிப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டார்கள். பாதி ஏறுவதற்குள் நாற்காலி பின்னால் சாய, ஓடிப்போய்ப் பிடித்தேன். "போதுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

ரயில்வேயில் சரிவுக் கணக்கோடு வாழ்ந்தவன் நான். படிக்கு 6 அங்குலம் என்றால் மூன்று படிக்கு 18 அங்குலம். ஆறடிப் பலகையில் அது ஏறக்குறைய 4-க்கு 1 சரிவு. நீலகிரி மலை ரயிலின் மிகக் கடுமையான ஏற்றமே சுமார் 12-க்கு 1தான். அதற்கே பல் தண்டவாளம் தேவைப்படுகிறது!

சக்கர நாற்காலிச் சரிவும் 12-க்கு 1-க்கு மேல் போகக்கூடாது. அதாவது 18 அங்குல உயரத்துக்கு 18 அடி நீளம். "அவ்வளவு இடம் ஏது சார்?" என்பார்கள். பக்கச் சுவரை ஒட்டி 9 அடி, மூலையில் 5 அடி சதுரச் சமதளம், அங்கே திரும்பி இன்னொரு 9 அடி என்று மடித்துக் கட்டலாம். அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி, வழுக்காத தரை. கதவு திறந்தபின் 900 மி.மீ. வழி இருக்க வேண்டும். கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப 1500 மி.மீ. இடம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

இது வெறும் தர்ம காரியம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடமே. பழைய கட்டடங்களை மாற்றியமைக்க, 2017-இல் விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தார்கள். அது 2022-இலேயே முடிந்துவிட்டது. இவ்வசதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

தரையை உடைத்துப் போடும் சமயத்தில் சரிவையும் சேர்த்துக் கட்டினால் செலவு குறைவு. பிறகு செய்தால் புதுத் தரையையே உடைக்க வேண்டும். ஓட்டல்காரருக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடை வைத்திருக்கும் சங்க அன்பர்கள் யார் கூப்பிட்டாலும் அளவு நாடாவோடு வருகிறேன். கட்டணம் ஒரு காபி போதும். ஆனால் அதை, மனைவியோடு உள்ளே உட்கார்ந்துதான் குடிப்பேன்.