கடலடியில் விளைந்த உரக்கல்

மறுநடவுப் பகுதிகளில் ரப்பர்க் கன்றுகளின் அடியிலும் மூடுபயிர்க் கொடிகளுக்கும் நாம் தூவும் பழுப்புத் தூள், வெட்டி எடுத்து அரைக்கப்பட்ட கல்லேயாகும். பாஸ்பேட் பாறை என்பது அதன் பெயர். கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த தூளை மூத்த தொழிலாளர்கள் நன்கு அறிவர். ஆயினும், உலகில் வெட்டப்படும் பாஸ்பேட்டின் பெரும்பகுதி கடலடியில் படிந்து உண்டான பாறையாகும்.

வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டின் கூரிப்கா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இன்று வறண்டு கிடக்கும் அம்மேட்டுநிலம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலாக இருந்தது. ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழுந்து, மணிச்சத்தாகிய பாஸ்பரசைக் கொண்டுவந்தது. அதனை உண்டு கோடானுகோடி நுண்ணுயிர்கள் பெருகின. மடிந்து சேற்றில் படிந்தன. அவை அழுகியபோது வெளிப்பட்ட மணிச்சத்து சுண்ணச்சத்துடன் கூடி, மணல் போன்ற சிறு மணிகளாக இறுகியது. முறத்தில் புடைத்தால் உமி பறந்து அரிசி தங்குவதுபோல, அலைகள் மெல்லிய சேற்றை அலசிச் செல்ல, கனத்த மணிகள் தங்கின. இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காக 2 கோடி ஆண்டுகள் படிந்தன. அங்கு வெட்டும் கல்லினிடையே சுறாமீன் பற்கள் இன்றும் கிடைக்கின்றன!

பூமிக்குள் உருகிய குழம்பு உறைந்து உண்டான பாஸ்பேட்டும் உண்டு. ருசியாவின் கோலா தீபகற்பத்தில் கிடைப்பது அவ்வகை. அதன் படிகங்கள் கெட்டியானவை; அமிலத்தில் கரைத்தே உரமாக்குவர். கடற்படிவிலோ கார்பனேட் கலந்திருப்பதால் அதன் கட்டு தளர்ந்திருக்கும். நம் தோட்டங்களின் புளிப்பு மண்ணே அதனை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். ஆகவே, தூவிய மறுவாரமே இலை தழைக்கவில்லை என்று குறைகூறுவது முறையன்று. கரைந்த சத்தும் மண்ணில் நெடுந்தூரம் நகராது. வேர் எட்டும் இடத்தில் இடவேண்டும். சரிவில் குவியலாகக் கொட்டினால், கரைவதற்குள் மழை தூளையே அடித்துச் சென்றுவிடும்.

படிவுள்ள இடமெல்லாம் சுரங்கமாகிவிடாது. அடுக்கின் கனம், மேலே மூடிய மண்ணின் ஆழம், சத்தின் அளவு, காட்மியம் போன்ற நச்சுப்பொருளின் கலப்பு, துறைமுகத்தின் தூரம் ஆகியவற்றைக் கணக்கிட்டே தோண்டுவர். கூரிப்காவில் அடுக்குகள் பெரும்பாலும் கிடையாக, மேலாகவே கிடப்பதால் திறந்த வெளியில் வெட்டுவது எளிது. 1921ஆம் ஆண்டு முதல் அங்கு வேலை நடைபெறுகிறது. 2014 முதல், கல்தூளை நீரில் குழைத்து 187 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே கடற்கரைக்கு அனுப்புகின்றனர்.

உலகில் வெட்டத்தக்கதெனக் கணிக்கப்பட்டுள்ள பாஸ்பேட் இருப்பு 7,000 கோடி டன்னுக்கு மேல். அதில் ஏறத்தாழ 5,000 கோடி டன் மொராக்கோவிலும், உரிமைப் பூசல் தீராத மேற்குச் சகாராவிலும் உள்ளது. நம் நாட்டில் பெரிய பாஸ்பேட் சுரங்கம் ஏதுமில்லை. தூள் கப்பலேறி வரவேண்டும். 2007, 2008ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் இக்கல்லின் விலை பல மடங்கு ஏறியபோது, உரம் வாங்கும் ஒவ்வொரு தோட்டமும் அதனை உணர நேர்ந்தது.