குதிரையின் முதுகுவலி யார் கணக்கில்?

மெரினா கடற்கரையில் காலை நடையின்போது ஒரு நாள் சற்று நின்றுவிட்டேன். சவாரிக்கு நிற்கும் குதிரைகளுள் ஒன்றின் சேணத்தை இறக்கி மணலில் வைத்துவிட்டு, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் அதன் கழுத்தடியை உள்ளங்கையால் நிதானமாக நீவிக்கொண்டிருந்தார். குதிரை தலையைத் தாழ்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நின்றது. எதற்காக நீவுகிறீர்கள் என்று கேட்டேன். “நாலு நாளா முதுகுல கை வைக்கவே விடல சார். இங்க ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல விட்டுடும்” என்றார். சித்தப்பா செய்வதைப் பார்த்துப் பழகியதாம். குதிரை அவருடையதன்று என்பதும், நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார் என்பதும் பேச்சினூடே தெரிந்தது.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் அந்தக் கடைசித் தகவலே என்னுடன் வீடுவரை வந்தது. வாடகைச் சைக்கிளுக்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பொருளின் நாளைய நிலை எவருடைய கணக்கில் எழுதப்படுகிறதோ அவரே அதைப் பேணுவார் என்பது எங்கள் துறையின் அடிப்படைப் பாடம். அந்த இளைஞர் என் பாடத்தைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று அறியும் ஆவலில்தான் குதிரைகளின் உடலையும் அவற்றை நீவிவிடும் கலையையும் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

குதிரைக்கு மசாஜ் என்றவுடன் பலருக்கும் சிரிப்பு வரலாம். செல்வந்தர் வீட்டு ஆடம்பரம் என்றே தோன்றும். மேலை நாடுகளில் பந்தயக் குதிரைகளுக்கும் தடைதாண்டும் குதிரைகளுக்கும் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் வந்து, மனிதருக்கு இணையான கட்டணம் வாங்கிச் செல்கிறார்கள் என்பது உண்மைதான். மனித விளையாட்டு வீரர்களுக்குச் செய்துவந்த தசைப் பிடிப்பு முறையைக் குதிரைகளுக்குக் கொண்டுசென்ற அமெரிக்கரான ஜாக் மேகர், 1970களில் அந்நாட்டுக் குதிரையேற்ற அணியுடன் பணியாற்றிய பிறகே இது ஒரு தொழிலாக உருக்கொண்டது. ஆனால், பழக்கம் மிகப் பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கப் படைத்தலைவர் செனோபோன், குதிரையின் முதுகெலும்புப் பகுதியில் எந்தக் கருவியையும் வைக்காமல் வெறுங்கையால், மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தேய்த்துவிட வேண்டும் என்கிறார். எந்த இடங்களைத் தொட்டால் குதிரை மகிழ்கிறதோ அங்கே தொட்டுப் பழக்குங்கள் என்றும் அறிவுறுத்துகிறார். நம் நாட்டில் சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் குதிரை மருத்துவ நூல்கள் வழங்குகின்றன.

குதிரையின் உடலமைப்பை அறிந்தால் முதுகும் தோளும் ஏன் வலிக்கின்றன என்பது விளங்கும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. நம் கை உடலோடு எலும்பால் பொருந்தியிருப்பதுபோல் அதன் முன்னங்கால்கள் பொருந்தியிருக்கவில்லை. தசைகளும் தசைநார்களும் தூளிபோல் உடலைத் தாங்கி நிற்கின்றன. எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களின் மேல் விழுகிறது. சேணம் அமரும் இடமோ, முதுகெலும்பின் இருபுறமும் கழுத்தடியிலிருந்து இடுப்புவரை ஓடும் நீண்ட தசையின் மேல். ஏறியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், சேணம் சற்றே குறுகியிருந்தால், அடியில் விரித்த துணி மடிந்திருந்தால், அத்தனையும் அந்தத் தசையைத்தான் அழுத்தும். ஓர் ஈ அமர்ந்தாலும் தோலைச் சிலிர்த்து விரட்டும் நுண்ணுணர்வு படைத்த விலங்கு, மணிக்கணக்கில் பொருந்தாத சேணத்தைச் சுமக்கும்போது எதை உணரும் என்பதை ஊகிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், குதிரை அதைச் சொல்லாது. அடிபட்ட நாய் ஊளையிடும். குதிரை பெரும்பாலும் ஓசையின்றி நிற்கும். வேட்டையாடப்படும் விலங்கு தன் நலிவை வெளிக்காட்டினால் கூட்டத்திலிருந்து முதலில் பிடிபடும் என்பதால் இயற்கை அதற்கு மௌனத்தைப் பழக்கியிருக்கிறது. எனவே, காதின் திருப்பம், கண்ணைச் சுற்றிய இறுக்கம், தாடையின் விறைப்பு, மூக்குத்துளையின் வடிவம் ஆகியவற்றைக்கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். நல்ல குதிரைக்காரர்கள் அளவுகோல் இல்லாமலே இதைப் படித்துவந்தார்கள்.

நீவிவிடுவதால் குதிரைக்கு உண்மையில் என்ன நடக்கிறது? மேய்ச்சலில் இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, கழுத்து முதுகோடு சேரும் மேட்டுப் பகுதியைப் பல்லால் மாறிமாறிச் சொறிந்துகொள்வதைப் பார்த்திருப்போம். பிரான்சின் கமார்க் குதிரைகளைக் கொண்டு 1993இல் வெளியான ஆய்வில், அதே இடத்தை மனிதர் கையால் சொறிந்தபோது இதயத் துடிப்பு பத்து விழுக்காட்டுக்கும் சற்று மேலாகக் குறைந்தது. வேறிடத்தைச் சொறிந்தபோது அவ்வாறு குறையவில்லை. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்புகளே இயல்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குறைவின் பொருள் தெரியும். பிரிட்டனில் 2004இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வு, உடலின் ஆறு இடங்களில் மசாஜ் செய்து பார்த்து, பெரும்பாலான இடங்களில் துடிப்பு தணிவதையும், குதிரைகள் தமக்குள் சொறிந்துகொள்ளும் இடங்களில் அந்த விளைவு கூடுதலாக இருப்பதையும் கண்டது. செனோபோன் கண்ணால் கண்டு எழுதியதைக் கருவிகள் இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் உறுதிசெய்தன.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியது 2018இல் வெளியான மற்றொரு பிரெஞ்சு ஆய்வு. அதில் ஒரு குழுவினர், குதிரையின் முகக்குறிப்பைப் பார்த்து அதற்குப் பிடித்தபடி கையை மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். மற்றொரு குழுவினர், லாயங்களில் வழக்கமாகச் செய்வதுபோல், குதிரை என்ன சொல்கிறது என்று பாராமல் வேலையை முடித்தார்கள். முதல் வகைக் குதிரைகள் மேலுதட்டை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, மனிதரை நாடி வந்தன. இரண்டாம் வகைக் குதிரைகள் விலகவும் தப்பவும் முயன்றன. இரண்டு தரப்புக்கும் தேய்ப்புக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குதிரை விரும்பியது தேய்ப்பை மட்டுமன்று. தன் பதிலைக் கேட்கும் கையை.

இதற்கு மேல் சொல்லப்படும் பல கூற்றுகளை நான் எச்சரிக்கையுடனேயே ஏற்பேன். மசாஜ் செய்தால் ஓட்டம் விரையும், காயம் ஆறும், நச்சுகள் வெளியேறும் என்றெல்லாம் விளம்பரங்கள் பேசுகின்றன. பதற்றம் தணிகிறது, தசையின் இறுக்கம் தளர்கிறது என்பதற்குச் சான்று உண்டு. மற்றவற்றுக்குச் சான்று மெலிது, ஆய்வுக்குட்பட்ட குதிரைகளும் சில. காய்ச்சல், புண், தோல் தொற்று, வயிற்றுவலி, உழைப்புக்குப் பின் தசை கட்டைபோல் இறுகும் நோய் ஆகியவை இருந்தால் கை வைக்கவே கூடாது. கால்நடை மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும். பொருந்தாத சேணத்தை மாற்றாமல், தேய்ந்த குளம்பைச் சீவி இலாடம் திருத்தாமல், தினமும் முதுகை நீவிவிடுவது, ஒழுகும் கூரையை அப்படியே விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

செய்முறை கடினமன்று. பக்கவாட்டில், குதிரையின் கண்ணுக்குத் தெரியும்படி நின்று, உள்ளங்கையை விரித்துக் கழுத்தடியில் வைத்துச் சற்று நேரம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு மயிரின் போக்கில் தோள்வரை மெல்ல நீவி, குதிரை இடங்கொடுத்தால் அழுத்தத்தைக் கூட்டலாம். முதுகெலும்பின் மேல் அழுத்தக் கூடாது. அதன் இருபுறமும் உள்ள சதைப் பகுதியே இலக்கு. முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை, நார்களும் எலும்பும்தான்; அங்கே பிசைவதில் பயனில்லை. நம்மூர் வழக்கப்படி எண்ணெய் தடவவும் வேண்டாம். மயிரில் தங்கும் எண்ணெய் மணலையும் புழுதியையும் பிடித்து வைத்துக்கொண்டு சேணத்துக்கடியில் உரசும். தலை தாழ்ந்தால், வாய் அசைபோட்டால், கொட்டாவி வந்தால் தொடரலாம். காது பின்னால் மடிந்தாலோ வால் வீசினாலோ தோல் இறுகினாலோ கையை எடுத்துவிட வேண்டும். இருபது நிமிடம் போதும்.

இனி என் துறைக்கு வருகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பொன் கொடுத்து வாங்கப்பட்டதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை மாண்டதையும் குறிப்பிடுகிறார். இலாடம் அடிக்கவும் பேணவும் அறிந்தவர்கள் இங்கில்லை. அத்தகையோர் இங்கு வந்து சேராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் தரும் விளக்கம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்? பயணி சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனாலும், இதைவிடத் தெளிவான பொருளியல் எடுத்துக்காட்டை நான் வகுப்பில் தந்ததில்லை. குதிரையை விற்றார்கள், குதிரையைப் பேணும் அறிவை விற்கவில்லை. பேணாமையால் விளைந்த இழப்பு முழுவதும் வாங்கியவரின் கருவூலத்திலும் குதிரையின் உடலிலும் விழுந்தது.

இன்று நிலைமை வேறு. ஆனால், கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பந்தயக் குதிரையின் விலை பல இலட்சம். அதன் தசை தளர்வதால் வரும் இலாபம் உரிமையாளருக்கே சேர்வதால் மசாஜுக்கான செலவு தயக்கமின்றிச் செய்யப்படுகிறது. சவாரிக் குதிரையின் உழைப்பிலோ மூவர் பங்கு பெறுகிறார்கள்: வாடகை வாங்கும் உரிமையாளர், நாள் கூலி ஈட்டும் ஓட்டுநர், பத்து நிமிட மகிழ்ச்சி பெறும் நாம். முதுகுவலி மூவர் கணக்கிலும் இல்லை. அந்த வலியைத் தணிக்கத் தேவையான பொருளுக்கு விலையும் இல்லை, வெறும் கைதான். ஆனால் கைக்கு நேரம் வேண்டும். சவாரி ஒன்றுக்குக் காசு வாங்குபவரிடம் மிகவும் அரிதாக இருப்பது அந்த நேரம்தான். உழைப்பு மிகுந்த நாளில் குதிரைக்குத் தேவை கூடுகிறது. அதே நாளில்தான் அவருக்கு நேரம் குறைகிறது.

வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்காக 1965இல் ஒன்றிய அரசு வகுத்த விதிகள், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளையின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வாங்கக் கூடாது, வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வாங்கக் கூடாது என்கின்றன. அதே அளவுகோலைச் சவாரிக் குதிரைக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. இதற்கிடையே குதிரைகளே அருகிவருகின்றன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆறு இலட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகள், 2019இல் ஏறத்தாழ 3.4 இலட்சமாகக் குறைந்தன. விலங்கு குறைவதைவிட, அதனோடு தலைமுறையாகப் பழகிய சித்தப்பாக்கள் குறைவதே எனக்குக் கவலையளிக்கிறது.

செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது; கடற்கரைக்கு வெகுதூரமன்று. மாதம் ஒரு நாள் மாணவர்கள் வந்து சேணப் பொருத்தத்தையும் குளம்பையும் முதுகையும் பார்த்து, நீவிவிடும் முறையை ஓட்டுநர்களுக்குச் செய்து காட்டலாம். அந்த ஒரு நாள் வருமானத்தை ஓட்டுநருக்கு ஈடுசெய்ய மாநகராட்சியோ தொண்டு அமைப்போ முன்வர வேண்டும். ஈடு இல்லாத பயிற்சிக்கு அவர்கள் வரமாட்டார்கள். வராதவர்களைக் குறைகூறவும் நமக்கு உரிமையில்லை. சவாரிக் கட்டணத்தில் சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, குதிரைக்கு வாரம் ஒரு நாள் ஓய்வளிக்கும் ஏற்பாட்டையும் உரிமையாளர்களோடு பேசிப் பார்க்கலாம். பேரக் குழந்தையை ஏற்றிவிட்டுப் படமெடுப்பவர்கள் அந்தத் தொகைக்கு மறுப்புச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்ற வாரம் அந்த இளைஞரை மீண்டும் பார்த்தேன். சேணத்துக்கடியில் மடித்த கம்பளி ஒன்று புதிதாக இருந்தது. தம் வீட்டிலிருந்து கொண்டுவந்ததாகச் சொன்னார். முதுகைத் தொட விடுகிறதா என்றேன். “இப்ப விடுது சார்” என்றார். தினமும் நீவிவிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, “சனி, ஞாயிறு மட்டும் முடியாது சார். அன்னைக்குத்தான் கூட்டம்” என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஒரு குடும்பத்தை நோக்கிக் குதிரையை நடத்திச் சென்றார்.