நெருக்கடி வரும்வரை காத்திருப்பவர்கள்



"அமெரிக்காவில்கூட டயாலிசிஸ் கிடைக்காத ஏழைகள் உண்டா?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. உண்டு, அவர்களைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

சிறுநீரகங்கள் செயலிழந்தவருக்கு வழக்கமாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 3, 4 மணி நேரம், இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். தவறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயம் நின்றுவிடவும் கூடும்.

1972-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு இச்செலவை 'மெடிக்கேர்' திட்டம் ஏற்கிறது. குடியேற்ற ஆவணங்கள் இல்லாதவர்களுக்கு அந்த உதவி இல்லை. ஆனால் உயிராபத்தில் வருகிறவர் யாராயிருந்தாலும் அவசர சிகிச்சை தரவேண்டும் என்று 1986-ல் வந்த சட்டம் சொல்லுகிறது. எனவே பல மாநிலங்களில் இவர்களுக்கு, நிலைமை முற்றிய பிறகே பொது மருத்துவமனையில் டயாலிசிஸ் கிடைக்கிறது. மூச்சு வாங்க வந்தவரும், பரிசோதனையில் பொட்டாசியம் போதிய அளவு ஏறவில்லையென்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார். இதற்கு அஞ்சி, பொட்டாசியம் மிகுந்த உணவை வேண்டுமென்றே உண்டு வருகிறவர்களும் உண்டு!

இதனால் பணமாவது மிச்சமாகிறதா? இல்லை. டல்லாஸ் நகரில் 2015-ல் இப்படிப்பட்டவர்களில் சிலருக்குத் தனியார் காப்பீடு மூலம் ஒழுங்கான டயாலிசிஸ் கிடைத்தது. 2019-ல் வெளியான ஆய்வின்படி, ஓராண்டுக்குள் அவர்களில் நூற்றுக்கு 3 பேர் இறந்தார்கள். நெருக்கடி வரும்வரை காத்திருந்தவர்களிலோ நூற்றுக்கு 17 பேர். செலவும் ஒருவருக்கு மாதம் 5,700 டாலருக்கு மேல் குறைந்தது.

டென்வர் நகர மருத்துவர் லிலியா செர்வான்டஸ் போன்றோர் இந்த அநியாயத்தை ஆராய்ந்து எடுத்துரைத்தார்கள். 2019-ல் கொலராடோ மாநிலம், இவர்களுக்கும் ஒழுங்கான டயாலிசிஸ் செலவை ஏற்க முன்வந்தது. இன்னும் பல மாநிலங்களில் வழி திறக்கவில்லை.

நல்ல சமாரியன் காயப்பட்டவனுடைய ஊரையும் குலத்தையும் விசாரிக்கவில்லை. காயம் கட்டியதோடு நின்றுவிடாமல், பின்வரும் நாட்களின் பராமரிப்புக்கும் சத்திரத்தில் பணம் கொடுத்துப் போனான். டயாலிசிஸ் நோயாளிக்கு வேண்டியதும் அதுவே: ஒருநாள் இரக்கம் அல்ல, தவறாத இரக்கம். நம் மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்காக நீங்கள் மாதந்தோறும் அனுப்பும் காணிக்கை, அவர்களுடைய முறை தவறாமல் காக்கிறது. தூரதேசத்தில் காத்திருக்கும் அந்நியர்களையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.