இரண்டு கை கொள்ளும் மூளை

ஓசூரிலிருந்து பஸ்ஸில் பெங்களூரு வருகிறவர்கள் டைரி சர்க்கிள் பக்கம் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையைப் பார்த்திருப்பார்கள். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி பேசுவதுபோல இங்கே 'நிம்ஹான்ஸ்' என்பார்கள். அந்தக் கேலியைக் கேட்டு வளரும் பிள்ளைகளை அவசியம் அங்கே கூட்டிப்போங்கள். மனித மூளைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது.

கண்ணாடி ஜாடிகளில் 300-க்கும் மேற்பட்ட மாதிரிகள். ஆனால் பிள்ளைகள் காத்திருப்பது வேறொன்றுக்கு. கையுறை மாட்டிக்கொண்டால் நிஜ மூளையையே கையில் தருகிறார்கள்! நினைத்ததைவிடக் கனம், சுமார் 1.3 கிலோ. ஃபார்மலினில் ஊறியதால் ரப்பர்போல இறுகியிருக்கும். உயிருள்ள மூளையோ கெட்டித் தயிர்போலக் குழைவானது; மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே தெரியும் மடிப்புகள் புடவைக் கொசுவம் மாதிரி. பிரித்து விரித்தால் செய்தித்தாள் பக்கம் அளவுக்கு வரும் பெருமூளைப் பரப்பை, மண்டைக்குள் அடக்க வேண்டாமா?

'பிடரியில் ஒன்று விட்டால் கண்ணில் பொறி பறக்கும்' என்பார்களே, அது வெறும் மிரட்டல் இல்லை. கண் முன்னால் இருந்தாலும், அது காண்பதைப் புரிந்துகொள்ளும் இடம் பெருமூளையின் பின்கோடியில், பிடரிக்கு மேலேதான். அங்கே அடி விழுந்தால் இல்லாத வெளிச்சம் தெரிகிறது. அதற்குக் கீழே, தனி உருண்டையாகச் சிறுமூளை. சைக்கிள் ஓட்டும்போது விழாமல் காப்பது அதுதான். குடித்தவர் தள்ளாடுவதும் அது தடுமாறுவதால்தான். கீழே தண்டுபோல் நீளும் முகுளம், நாம் தூங்கினாலும் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்கிறது. கன்னப்பொட்டுக்கு உட்புறம் கடல்குதிரை வடிவில் சுருண்டிருக்கும் ஹிப்போகேம்பஸ் இல்லாவிட்டால், இன்று படித்த பாடம் நாளைக்கு நினைவில் நிற்காது. நெற்றிக்குப் பின்னால் இருப்பது யோசித்து முடிவெடுக்கும் பகுதி. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். பத்தாம் வகுப்புப் பையனை "மூளை இருக்கா?" என்று திட்டுவதற்குமுன் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜாடிகளில் பக்கவாதம் கண்ட மூளை, கட்டி வந்த மூளை, நாடாப்புழுக் கட்டிகள் மண்டிய மூளை எல்லாம் உண்டு. கைகழுவாமலும், காய்கறிகளைச் சரியாகக் கழுவாமலும் சாப்பிட்டால் அந்தப் புழுவின் முட்டை உள்ளே போகலாம் என்று சொன்னதும் பிள்ளைகள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். தலையில் அடிபட்டு ரத்தம் உறைந்து கறுத்த மூளையின் முன்னால் பேச்சு நின்றுபோகிறது.

நரம்பு நோய்க்குறியியல் மருத்துவர் எஸ்.கே. சங்கர் முன்னின்று 1995-ல் இங்கே ஆராய்ச்சிக்காக மூளைகளைச் சேர்த்துவைக்கும் மூளை வங்கியைத் தொடங்கினார். சாலை விபத்தில் மகனையோ கணவரையோ பறிகொடுத்த குடும்பத்திடம் அந்த நேரத்தில் போய் மூளையைத் தானமாகக் கேட்பதே கொடுமை. அழுதுகொண்டே சரி என்றவர்கள் இருந்ததால்தான் இந்த மூளைகள் ஆராய்ச்சிக்கு வந்தன. பிள்ளைகளிடம் இதை நான் முதலில் சொல்லிவிடுவேன். பிறகு யாரும் மூளையை ஒரு கையால் வாங்குவதில்லை.